ஒற்றைக் காதால் பாட்டுக் கேட்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புதுக்குடியிருப்பு அக்கா:

எனக்கு வலது காது 2009 இல் போனது. எப்படிப் போனது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இடது காது நல்லாகக் கேட்கும். அதனால் பாட்டுக் கேட்பதில் ஒரு குறை இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

போன மாதம் வவுனியா பஸ்ஸில் தங்கச்சியின் மகன் பக்கத்தில் இருந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். நான் ஹெட்செட்டில் தினமும் கேட்கிற பாட்டு. பல்லவி முடிந்ததும் வாயாலேயே ஒரு குழலை நீளமாக இழுத்தான். "அந்த இடத்தில் குழல் இல்லையடா, தபேலா மட்டும்தானே" என்றேன். "இருக்குப் பெரியம்மா" என்று சொல்லி, என் வலது காதில் சும்மா செருகியிருந்ததைக் கழற்றி இடது காதில் வைத்தான்.

குழல் இருந்தது. மேலே ஏறி, இறங்கி, திரும்பவும் ஏறி. பாடுகிறவரின் குரல் இரண்டு பக்கமும் இருக்கிறது. குழலை வலது பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். மாங்குளத்தில் பஸ் நின்றதுகூடத் தெரியாமல் அந்த ஓரிடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருடம் கேட்ட மற்றப் பாட்டுகளில் என்னென்ன இருந்ததோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

முள்ளியவளையான்:

ஹெட்செட் எனக்குப் பழக்கமில்லை. நான் கோயில் மேளம் கேட்கிறவன், இடது காது கேட்காது. ஒரு திருவிழாவில் இரண்டு தவில்காரர் மாறி மாறி வாசித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பார். சனம் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி ரசிக்குது. எனக்கு இரண்டு தவிலும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. கூடு போட்ட விரல்கள் தவிலின் வலது பக்கத் தோலான வலந்தலையில் விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் இப்போது யாருடைய முறை என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் கரண்ட் போய்விட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. இருட்டில் வாசிப்பு இன்னும் வேகமெடுத்தது, சனம் உற்சாகத்தில் கத்துது. யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. கரண்ட் வரும்வரை பக்கத்தில் நின்றவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இருட்டுக்குள் தேடிக்கொண்டு நின்றேன்.

கிளிநொச்சித் தம்பி:

எனக்குச் சின்ன வயசில் கன்னம் வீங்கும் கூகைக்கட்டு வந்து இடது காது போனது. அம்மாவின் ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதனால் பாட்டு முழுசாகத்தான் கேட்டது. ஹெட்செட் வாங்கிய பிறகுதான் பாதிப் பாட்டைக் காணவில்லை.

அக்கா, இதற்கு வழி இருக்கிறது. போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் மோனோ ஆடியோ என்று இருக்கும். ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கத்தையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றையே தரும். இடது வலது என்று அங்கே இருக்கும் கோட்டில் புள்ளியைத் தள்ளுவது மட்டும் போதாது. அது வலது பக்கத்துச் சத்தத்தைக் குறைக்குமே தவிர, அங்கிருக்கும் குழலை இடது பக்கம் கொண்டுவராது.

அடுத்தது சத்தம். ஒரு காதால் கேட்கிறவர்கள் கூட்டித்தான் வைப்பார்கள், அதிலும் பஸ் இரைச்சலுக்குள் இன்னும் கூட்டுவார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். மிச்சம் இருப்பது ஒரு காது, அதைக் காப்பாற்ற வேண்டும். ஏ9 வீதியில் சைக்கிளில் போகும்போது அந்தக் காதைப் பாட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

யாருக்காவது திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். சில வகைக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பார்கள், அதைத் தொடங்க நாள் பிந்தப் பிந்தப் பலன் குறையும். கேட்காத காதில் மைக் வைத்து மற்றக் காதுக்கு அனுப்பும் கருவியும் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சுக்கு அது உதவும்.

முள்ளியவளை அண்ணை, நீங்கள் கூம்பு ஸ்பீக்கருக்குக் கிட்ட நின்றால் பிரச்சினையே இல்லை. அதில் இரண்டு தவிலும் ஒன்றாகத்தானே வரும்.

முள்ளியவளையான்:

தம்பி, மேளம் கேட்கவில்லை என்று நான் எழுதவில்லை, திசை கேட்கவில்லை. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதையும் சத்தத்தின் கூடக் குறைவையும் வைத்துத்தான் மூளை திசையைப் பிடிக்கிறது என்று டொக்டர் விளக்கினார். கூம்பு ஸ்பீக்கரில் அது யாருக்குமே கிடைக்காது. இரண்டு பேர் எதிரெதிரே இருந்து வாசிப்பதைக் கேட்கத்தான் நான் கோயிலுக்குப் போகிறேன். கரண்டும் போய்விட்டது, எந்த ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் நிற்க?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

நானும் அண்ணையின் பக்கம்தான். மோனோ போட்டிருக்கிறேன், நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் எல்லா வாத்தியமும் ஒரே இடத்தில் நெரிந்து நிற்கும். மெல்லிய வீணை தபேலாவுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

என் கதை வேறு. என் கேட்காத காது சும்மா இருப்பதில்லை, இரவு பகலாக இரையும். பண்ணிசைப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிய ஒரு பின்னேரம், சுருதிப்பெட்டியைப் போட்டதும் இரைச்சல் அதற்குள் கரைந்து போனது. பிள்ளைகள் தேவாரத்தைப் பாடி முடித்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுருதிப்பெட்டியை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. "இன்னொருக்கால் பாடுங்கோ பிள்ளைகள்" என்றேன்.

புதுக்குடியிருப்பு அக்கா:

தம்பி, மோனோ போட்டேன். குழல் வருகிறது, மெல்லிசாக, ஆனால் வருகிறது. மிச்சப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கிறேன்.

ரீச்சர், சுருதியின் உயரத்தை எந்தக் கட்டையில் வைத்தீர்கள்? எனக்கும் படுத்தால் இரையும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

பிள்ளைகளுக்காக வைத்தது ஐந்து கட்டை. உங்கள் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும் அக்கா, மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். போனில் சுருதிப்பெட்டி ஆப் இருக்கிறது. இரைச்சலைவிடக் கொஞ்சம் குறைவாகவே சத்தத்தை வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல காது களைத்துப்போகும்.