பாட்டு செட்டைக் கழற்றணுமா? (‘கித்தேரி ஆச்சி வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள்)

ஜூன் 12

டென்சில் (காலை 6:40): 14ஆம் தேதி ராத்திரியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகை நாளைக் காலை 7 மணிக்கு இறக்குகிறோம். பெயின்ட் முடிந்தது, வலை முடிந்தது. பாட்டு செட்டு மட்டும்தான் பாக்கி. அதைக் கழற்றிவிடலாம் என்று ரீத்தா சொல்கிறாள். எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிரிட்டோ: கழற்றவா??

பிரிட்டோ: அண்ணே, விடிந்ததும் விடியாததுமா...

ரீத்தா: ஆமாம், கழற்றத்தான். மார்ச்சில் நடந்ததை எல்லாரும் மறந்தாச்சு. நான் மறக்கவில்லை.

ஜெனி: மார்ச்சில் என்ன மதினி? எனக்கு யாருமே சொல்லவில்லையே.

பிரிட்டோ: ஒன்றுமில்லை

ரீத்தா: ஒன்றுமில்லையாம். படகுக்கு அடியில் சுற்றுகிற விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டது, எஞ்சினை நிறுத்தினார்கள். பையன்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கயிறு அறுத்த இரண்டு மணி நேரமும் மேலே பாட்டு ஓடுகிறது. கயிறு வந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம் என்று மைக்கை அமுக்கினால் வயர்லெஸ்ஸே அணைந்துபோகிறது. நீரோட்டம் கிழக்கே இழுக்கிறது. கிழக்கே இலங்கை எல்லை, உனக்கே தெரியும்.

ஜெனி: ஐயோ

அம்மா: மாதாவே. என்னிடம் டீசல் தீர்ந்தது என்றல்லவா சொன்னான் இவன்.

பிரிட்டோ: மாமா படகு பக்கத்தில்தான் இருந்தது. கயிறு போட்டு இழுத்து வந்துவிட்டார்கள். இப்போது ஏன் அது?

சவரி சித்தப்பா (காலை 7:02): எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். இது கழற்றுகிற விஷயமில்லை. 22 வருடம் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் சொல்கிறேன். நம் படகில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. இரண்டையும் தொடராக இணைத்து 24 ஆக்கி எஞ்சினுக்குக் கொடுத்திருக்கிறோம். பாட்டு செட்டு காரில் வைப்பது, அதற்கு 12 போதும். அதை இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து எடுத்திருந்தால், ஒரு பேட்டரி மட்டும் பாட்டுக்கும் உழைக்கிறது எஞ்சினுக்கும் உழைக்கிறது. இன்னொன்று எஞ்சினுக்கு மட்டும். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட்டை ஊற்றிக்கொண்டே இருக்கும். உழைத்தது அரை வயிறாகவே கிடக்கும், சும்மா இருந்தது நிரம்பி, கொதித்து, தண்ணீரை இழக்கும். பிரிட்டோ, எந்த பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறாய்?

பிரிட்டோ: வலது பக்கத்துக்கு. மாதம் ஒரு பாட்டில் குடிக்கும்.

சவரி சித்தப்பா: அப்படியானால் செத்தது இடது பக்கம். அன்றைக்குப் போட்ட இரண்டு மணி நேரப் பாட்டை மட்டும் திட்டாதீர்கள். இரண்டு வருடமாகவே அது செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஜெனி: சித்தப்பா, ஒருத்தன் உழைக்கிறான் ஒருத்தன் தண்ணீர் குடிக்கிறான் என்பதெல்லாம் பேட்டரியைப் பற்றித்தானே? 😄

பிரிட்டோ: ஜெனி அக்கா வேண்டாம்

டென்சில்: யார் உழைக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

அம்மா: ஆரம்பிச்சாச்சா

டென்சில்: சரி, கேள்வி அதில்லை. நடுவிலிருந்து வயர் எடுத்தது யார்? செட்டை வாங்கி வந்து மாட்டியது யார்? பவுல் மாப்ளே, நீ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். நீல டிக் விழுந்து பத்து நிமிடம் ஆகிறது.

ரீத்தா: என் தம்பி சீராகக் கொண்டு வந்த பொருள். அதில் குறை சொல்லாதீர்கள். கழற்றச் சொன்னது நான், குறை சொல்லவில்லை.

ஜெனி: அதே சமயம் ஆச்சி நினைவுப் பூசை 22ஆம் தேதி. பூசைக்கு யார் எழுதிக் கொடுத்தது? போன வருடம் மாதிரி பெயரை மாற்றி வாசிக்கப் போகிறார்கள்.

அம்மா: எழுதிக் கொடுத்தாச்சு. ஜெனி, கருவாடு எத்தனை கிலோ வேண்டும்? நெத்திலி இல்லை. தடைக்கு முந்திக் காயப்போட்ட சாளை இருக்கிறது.

ஜெனி: 2 கிலோ. நன்றாகக் கட்டி அனுப்பும்மா, போன தடவை பஸ்ஸே மணத்தது.

பவுல் (காலை 8:15): மச்சான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலையில் இருந்தேன். 24ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். ‘அது எதற்கு, நடுவில் எடுத்துக்கொள், ஊரில் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்’ என்று சொன்னது யார்? வலைக்கார மாமா பக்கத்தில் நின்றார், கேளுங்கள்.

பிரிட்டோ: 🙊

ஜெனி: ஓ

ரீத்தா: இது எனக்குத் தெரியாதே.

டென்சில்: ஊரில் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

சவரி சித்தப்பா: எடுக்கிறார்கள். எல்லார் படகிலும் ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போகிறது. கடைக்காரன் மேல் பழி போடுகிறார்கள்.

பிரிட்டோ (காலை 9:30): செட்டைக் கழற்றிப் பார்த்தேன். படம் அனுப்புகிறேன்.

பிரிட்டோ: [படம்]

பிரிட்டோ: பின்பக்கம் சொருகுகிற பின் எல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது, மயில்துத்தம் மாதிரி. வயரைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு கருப்பு. இழுத்தால் கையோடு வருகிறது.

பிரிட்டோ: இன்னொன்று. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஜிகினாத்தாள் சுருட்டி வைத்திருக்கிறது.

சவரி சித்தப்பா: என்ன தாள்??

பிரிட்டோ: சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அது.

ஆரோன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரீத்தா: ஆரோன். என்ன அழித்தாய்?

ஆரோன்: ஒன்றும் இல்லைம்மா, தப்பாக அனுப்பிவிட்டேன்.

ரீத்தா: படகில் சிகரெட் பிடிப்பது யார்? பதில் வேண்டும்.

டென்சில்: அது அப்புறம்.

ரீத்தா: அப்புறமெல்லாம் இல்லை.

சவரி சித்தப்பா: அம்மா ரீத்தா, சிகரெட்டைவிட அந்தத் தாள் ஆபத்து. ஃபியூஸ் என்பது செட்டைக் காப்பாற்ற மட்டும் இல்லை, வயரைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் நாலைந்து மீட்டர் வயர் ஓடுகிறது, மரச்சட்டத்தோடு ஒட்டி. எங்கேயாவது உரசித் தோல் போய் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் எரிந்து அறுந்துவிட வேண்டும். ஜிகினாத்தாள் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் வயரே தணலாகும். பக்கத்தில் டீசல். அதோடு, ஃபியூஸை செட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 15 ஆம்பியர். புது வயர் வாங்கும்போது ஈயம் பூசிய செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வெறும் செம்பு உப்புக்காற்றில் தோலுக்கு உள்ளேயே கருத்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

பிரிட்டோ: சரி சித்தப்பா

சவரி சித்தப்பா: இன்னும் முடியவில்லை. மஞ்சள் வயர் எங்கே போகிறது பார். அது செட்டின் நினைவுக்கு, எப்போதும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் 61 நாள் தடையில் 14 ஆம்பியர்-மணிக்கு (Ah) மேல் சார்ஜ் போய்விடும். படகைக் கரையில் ஏற்றும்போதே அதைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

பிரிட்டோ: பிடுங்கவில்லை

சவரி சித்தப்பா: தெரியும்.

ஆரோன்: தாத்தா, ஸ்பீக்கர் ரெண்டையும் கேபினில் ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டலாமா? இப்போது பின்னால் இருப்பதால் எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ப்ளூடூத்தும் அறுந்து அறுந்து வருகிறது.

சவரி சித்தப்பா: காம்பஸ் எங்கே இருக்கிறது கண்ணு?

ஆரோன்: ஸ்டியரிங்குக்கு முன்னால்.

சவரி சித்தப்பா: அப்போது கூடாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது காந்தம். முள்ளை இழுத்துவிடும்.

ஆரோன்: திசை பார்க்கும்போது பாட்டை நிறுத்திக்கொள்ளலாமே.

சவரி சித்தப்பா: பாட்டை நிறுத்தினாலும் காந்தம் காந்தம்தான். ஒரு மீட்டராவது தள்ளி மாட்டு. மாட்டிவிட்டு, ஸ்பீக்கரை எடுத்தும் வைத்தும் பார், முள் அசைந்தால் இன்னும் தள்ளு.

டென்சில்: இப்போதெல்லாம் யார் காம்பஸ் பார்க்கிறார்கள், ஜிபிஎஸ் இருக்கிறதே.

ரீத்தா: மார்ச்சில் அந்த ஜிபிஎஸ் வேலை செய்ததா?

டென்சில்: ...

பிரிட்டோ: இல்லை மதினி. அதுவும் அணைந்துவிட்டது.

அம்மா (காலை 11:10): எனக்கு இந்த வயர் கதையெல்லாம் புரியாது. ஆனால் ரேடியோவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆச்சி 64 புயலில் தனுஷ்கோடியிலிருந்து உடுத்திய சேலையோடு வந்தவள். அதற்குப் பிறகு ரேடியோவில் செய்தி கேட்காமல் தாத்தாவைக் கடலுக்கு விட்டதில்லை. உங்கள் அப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. நாலு பேட்டரிக் கட்டை போட்டால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ரப்பரால் கட்டி, பைக்கு மேலேயே திருகைத் திருப்புவார். பை மாற்றினாரே தவிர ரேடியோ மாற்றவே இல்லை.

ஜெனி: அதில் இலங்கை வானொலி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமை எல்லாரும் திண்ணையில்.

சவரி சித்தப்பா: அது என்னுடைய டிரான்சிஸ்டர். அண்ணன் திருப்பித் தரவே இல்லை.

அம்மா: சவரி!

பிரிட்டோ: அம்மா, இந்த செட்டிலும் ரேடியோ இருக்கிறது. கடல் ஓசை 90.4 பாம்பனை விட்டுக் கொஞ்ச தூரம் வரைக்கும் வரும். அப்புறம் இரைச்சல்தான். கோடைப் பண்பலை 100.5 கொடைக்கானல் மலை மேலிருந்து வருவதால் ஓரளவு எட்டுகிறது. நடுக்கடலுக்குப் போனால் இலங்கை எஃப்எம்தான் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சவரி சித்தப்பா: ஏரியல் என்ன போட்டிருக்கிறது?

பிரிட்டோ: கார் ஏரியல்.

சவரி சித்தப்பா: அதுதான். கார் ஏரியல் பாதி ஏரியல். மீதிப் பாதி காரின் தகரம். மரப்படகில் தகரம் ஏது? படகுக்கென்று தனியாக வருவது வாங்கு. இல்லையென்றால் 80 சென்டிமீட்டர் கம்பி இரண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே, நடுவில் கேபிள். வயர்லெஸ் ஏரியலுக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கட்டு. அதே போல் அந்த மலிவு யூஎஸ்பி சார்ஜரை ஒரு தடவை பிடுங்கிப் பார், வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் இரைச்சல் குறைகிறதா என்று. பாதி நேரம் திருடன் அதுதான்.

பிரிட்டோ (மதியம் 12:20): பிடுங்கினேன். குறைகிறது!! இத்தனை நாள் வயர்லெஸ் பழசாகிவிட்டது என்று நினைத்தோம்.

டென்சில்: புது வயர்லெஸ் வாங்க 2 மாதமாக என் உயிரை எடுத்தாய்.

பவுல்: மச்சான், முடிவு என்ன? கன்வெர்ட்டர் வாங்குவதென்றால் நான் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறேன். சாயந்தரம் வாங்கி வருகிறேன். ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் 20 ஆம்பியர் வேண்டும். சின்னது வாங்கினால் பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட்டு அணையும்.

சவரி சித்தப்பா: கன்வெர்ட்டர் போட்டால் இரண்டு பேட்டரியும் சமமாகத் தேயும். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டால் இரண்டும் சேர்ந்து சாகும். பாட்டுக்கு என்று தனி பேட்டரி, கேபின் மேலே ஒரு சோலார் தகடு. அது தீர்ந்தால் பாட்டு மட்டும்தான் நிற்கும்.

ரீத்தா: சித்தப்பா சொல்வதுதான். தனி பேட்டரி என்றால் செட்டு இருக்கட்டும். இல்லையென்றால் நானே வந்து கழற்றுவேன்.

டென்சில்: தனி பேட்டரி, தகடு எல்லாம் முதல் மீன்பாடு பார்த்த பிறகு. இப்போது இடது பேட்டரியே புதிது வாங்க வேண்டும்.

சவரி சித்தப்பா: ஒன்று மட்டும் புதிது போடாதே, இரண்டையும் சேர்த்து மாற்று.

டென்சில்: சித்தப்பா நீங்கள் பென்ஷன் வாங்குகிறீர்கள்.

ஜெனி: 😂

பிரிட்டோ: அதுவரைக்கும் கன்வெர்ட்டர். எஞ்சின் நின்றால் பாட்டும் நிற்கும். சத்தியம் மதினி.

ரீத்தா: யார் மேல் சத்தியம்?

பிரிட்டோ: ஆரோன் மேல்

ரீத்தா: அவனோடு எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.

பவுல்: அப்போது வாங்கவா? காசு யார் தருவது?

பவுல் (மதியம் 1:45): ஹலோ

பவுல் (மதியம் 2:30): கடையில் நிற்கிறேன்

அம்மா: வாங்கு தம்பி. காலையில் சாமியார் படகு மந்திரிக்க வருகிறார். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று யாராவது சொல்லுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.

டென்சில்: பில்லை வாங்கி வை மாப்ளே. பேசிக்கொள்ளலாம்.

பவுல்: போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள்.

சவரி சித்தப்பா: செட்டை எப்படித் துடைப்பது, பின்னுக்கு என்ன ஸ்பிரே, ஸ்பீக்கர் காகிதக் கூம்பு ஏன் ஊறிக் கிழிகிறது, எல்லாம் பேசி அனுப்புகிறேன்.

சவரி சித்தப்பா (மதியம் 2:41): [குரல் பதிவு 7:52]

பிரிட்டோ (மதியம் 2:42): கேட்டேன் சித்தப்பா, ரொம்ப நன்றி 🙏

சவரி சித்தப்பா: அதற்குள்ளேயா?