இடக்கைக்கு டபிள் பேஸ்: தந்திகளை மாற்றிக் கட்டினாற் போதுமா?

கேள்வி: இடக்கையர், குருநகர்

வணக்கம். நான் சிறு வயது முதலே இடக்கைப் பழக்கம் உள்ளவன். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு இடக்கை பேஸ் கிற்றார் வாசித்து வருகிறேன்; வலக்கை தந்தியை அழுத்த, இடக்கை மீட்டும். இப்போது, நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபிள் பேஸ் ஒன்று வாங்க விரும்புகிறேன். கொழும்பில் ஒருவர் தம்மிடமுள்ள முக்கால் அளவு பிளைவுட் வாத்தியத்தை விற்க முன்வந்திருக்கிறார். அது வலக்கையருக்கானது. “தந்திகளை இடம் மாற்றிக் கட்டினால் அலுவல் முடிந்தது” என்கிறார். வெளிநாட்டுக் கடைகளில் இடக்கைக்கென்றே செய்தவை கிடைக்கின்றன. ஆனால் விலையோடு கப்பற்கூலியும் தீர்வையும் சேரும்போது அவை என் கைக்கு எட்டாதவை. விற்பவர் சொல்வதை நம்பலாமா? நம் ஊர் வெக்கையையும் மாரிகால ஈரத்தையும் அந்த வாத்தியம் தாங்குமா? பெரும்பாலும் விரலால் மீட்டத்தான் போகிறேன் என்றாலும், வில்லும் பழகும் எண்ணம் உண்டு.

மறுமொழி: வாத்தியம் திருத்துபவர், கொழும்பு

தந்திகளை மாற்றிக் கட்டலாம்; கட்டியவுடன் ஓசையும் வரும். ஆனால் அலுவல் அத்துடன் முடிவதில்லை. டபிள் பேஸின் வெளியுடல் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வேறுபாடு முழுவதும் வயிற்றுக்குள் இருக்கிறது. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் ஒரு காலுக்கு நேர் கீழே, மேற்பலகையின் உட்புறத்தில், நெடுக்காக ஒட்டப்பட்ட மரச்சட்டம் ஒன்று ஓடுகிறது. அதைப் பேஸ் பார் என்போம். மற்றக் காலுக்குச் சற்றுக் கீழே, மேற்பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில், பசை எதுவுமின்றி இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் உருண்டைத் தடி சவுண்ட்போஸ்ட். தடித்த ஈ தந்தி சட்டத்தின் பக்கமும் மெல்லிய ஜீ தந்தி தடியின் பக்கமும் இருப்பதே முறை. தடியின் பக்கத்துக் கால் பெரிதாக அசையாமல் ஊன்றி நிற்க, சட்டத்தின் பக்கத்துக் கால் ஏறி இறங்கி மேற்பலகையை அசைக்கிறது. வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை மட்டுமே அதிரும் ஈ தந்திக்கு அந்த அசைவு கட்டாயம் வேண்டும். தந்திகளை மட்டும் மாற்றினால் ஈ தந்தி ஊன்றிய காலின் மேல் போய் உட்கார்ந்துவிடும். தடிமன் பிடித்தவர் பாடுவதுபோல அதன் குரல் அடைத்துக் கேட்கும்.

இதை வயலின்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இடக்கையரான சார்லி சாப்ளின்கூடத் தம் வயலினில் தந்திகளை மட்டுமல்லாமல் உள்ளிருக்கும் சட்டத்தையும் தடியையும் பக்கம் மாற்றி வைத்திருந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

முறையாகச் செய்வதென்றால் மேற்பலகையைக் கழற்றி, பழைய சட்டத்தைச் சீவியெடுத்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒன்றை ஒட்ட வேண்டும். வச்சிரப் பசையால் ஒட்டிய முழுமர வாத்தியமாயின் பலகை சேதமின்றிக் கழன்றுவரும். மலிவான பிளைவுட் வாத்தியங்களிலோ பசை விட்டுக்கொடுக்காது. பலகையின் அடுக்குகள் பிய்ந்துவிடும். அந்தச் செலவுக்கு அந்த வாத்தியம் பெறுமதியில்லை. பிளைவுட்டில் மேற்பலகையே விறைப்பாக இருப்பதால் சட்டம் மாறாததால் வரும் நட்டம் சற்றுக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரலால் மீட்டுபவர்கள் சிலர் அப்படியே வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சட்டத்தை விட்டுவிட்டுத் தடியை மட்டும் எதிர்ப்பக்கம் நகர்த்தாதீர்கள். நான்கு தந்திகளின் இழுவை நூறு கிலோவுக்கு மேல். சட்டமும் தடியும் இல்லாத பக்கத்தில் பலகை நாளடைவில் அமிழ்ந்துபோகும்.

வெளியில் செய்ய வேண்டியவை மூன்று. கழுத்தின் உச்சியில் தந்திகள் தங்கும் நட்டைப் புதிதாக வெட்ட வேண்டும்; ஈ தந்திக்கான காடியில் ஜீ தந்தி கிடந்து ஆடும். அதற்குக் கருங்காலியே சிறந்தது. நம் நாட்டுக் கருங்காலி உலகப் பெயர் பெற்றதாயினும் மரத்தை வெட்டத் தடை இருப்பதால், உடைந்த பழைய தளபாடத்தின் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அடுத்தது குதிரை. அதைத் திருப்பி வைப்பது ஒப்பேற்றும் வேலை. புதிய மேப்பிள் கட்டையில் வெட்டுவதே சரி. விரலால் மீட்ட, விரற்பலகையின் முடிவில் ஜீ தந்திக்கு 5 முதல் 6 மில்லிமீற்றரும் ஈ தந்திக்கு 8 முதல் 9 மில்லிமீற்றரும் உயரம் இருந்தால் வசதி. வில்லுக்கு இன்னும் சற்று உயர்த்தலாம். கடைசியாக விரற்பலகை: ஈ தந்தியின் கீழ் அதைத் தட்டையாகச் சீவியிருந்தால் இடம் மாறிய ஈ தந்தி வளைந்த பக்கத்தில் அடித்து இரையும். வட்டமாகவே இருந்தால் கவலையில்லை. தந்திகளில் இடக்கை, வலக்கை என்ற பேதம் கிடையாது. வில்லும் அப்படியே.

மறுமொழி: வயலின் ஆசிரியை, சுன்னாகம்

தம்பி, வேறொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் பலருக்கு வலக்கை முறையிலேயே வயலின் கற்பித்திருக்கிறேன். இந்த வாத்தியங்களில் இரண்டு கைகளுக்கும் நுட்பமான வேலை உண்டு. இடக்கையரின் கூர்மையான கை தந்தியை அழுத்தும் பக்கம் இருப்பது ஒரு வகையில் நன்மையே. வலக்கை முறையைப் பழகிவிட்டால் எந்த ஊரில் எவருடைய வாத்தியத்தையும் இரவல் வாங்கி வாசிக்கலாம்.

மேடை என்பதையும் நினைத்துப் பாருங்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். அவருக்கு மிருதங்கத்தின் வலந்தலை என்ற முகம் சபையை நோக்க வேண்டுமானால் வயலின்காரர் தம் வழக்கமான இடத்தை விட்டு மறுபுறம் போய் அமர வேண்டும். அதற்கு எல்லாரும் இசையவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் அவரை ஆதரித்து உடன் அழைத்துச் சென்றார்கள். உங்களுக்கு அப்படியொரு செம்பை வாய்ப்பாரா என்பதே என் கேள்வி.

மறுமொழி: இடக்கை பேஸ்காரர், மானிப்பாய்

ஆசிரியை அவர்கள் சொல்வது புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குப் பொருந்தும். பதினைந்து ஆண்டுகள் ஒரு பக்கம் பழகிய கையை மறுபக்கம் திருப்புவது இன்னொரு மொழியில் கனவு காணச் சொல்வதற்கு ஒப்பு. நான் ஆறு மாதம் முயன்று கைவிட்டவன். வாத்தியக் குழுவில் பலரோடு சேர்ந்து வில் போடுவதானால் எதிர்த்திசையில் அசையும் வில் இடறும் என்பது உண்மை. தேவாலயத்தில் ஒரேயொரு பேஸ்காரர் எந்தப் பக்கம் நின்றால் யாருக்கு என்ன?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். “இடக்கை வாத்தியம்” என்ற விளம்பரத்தை நம்பி ஒன்லைனில் ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்து வாத்தியத்தைத் தூக்கியதும் உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது: தந்திகளைத் தளர்த்தி அனுப்பியதால் தடி விழுந்திருந்தது. அது திருத்தக்கூடியது. கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். தொலைபேசியின் வெளிச்சத்தை ஒலித்துளை வழியாக விட்டு, பல் வைத்தியர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியை உள்ளே சரித்துப் பார்த்தேன். சட்டம் வலக்கை வாத்தியத்தில் இருக்க வேண்டிய பக்கத்திலேயே கிடந்தது. விற்றவர்கள் குதிரையையும் நட்டையும் மட்டும் மாற்றிவிட்டுப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். வாதாடிக் கொஞ்சப் பணம் திரும்பப் பெற்றேன். ஈ தந்தி இன்றுவரை மெலிவுதான். குதிரையில் அதிர்வை வாங்கும் பிக்கப் பொருத்தி அம்பிளிபயரில் வாசிக்கும்போது அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நம் ஊருக்குப் பிளைவுட்தான் ஏற்றது. முழுமரம் இனிமையானது, ஆனால் சோழகம் வீசும் மாதங்களில் காய்ந்து விளிம்பு விடும். பிளைவுட்டிலும் மாரியில் தந்தி உயர்ந்து கோடையில் தாழும். ஆகவே உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் குதிரையின் கால்களில் திருகு சக்கரம் வைக்கச் சொல்லுங்கள். பேஸ் வில்லுக்குத் தேய்க்கும் ரொசின் பிசின் இயல்பிலேயே இளக்கமானது, வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டால் கூழாகிவிடும். சீமெந்துத் தரையில் வாத்தியத்தின் அடியிலுள்ள ஊன்றுகோல் வழுக்கும். அதன் கீழே வைக்கப் பழைய ரயர்த் துண்டு ஒன்று போதும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட வாத்தியம் என்பதால் முச்சக்கரவண்டியை மறந்துவிடுங்கள். வான் வண்டியில் ஏற்றினால் விலாப்பக்கமாகச் சரித்து வையுங்கள், குதிரை எதிலும் படக்கூடாது.

கேட்டவர்: இடக்கையர், குருநகர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அவர்களின் யோசனையை ஒதுக்கவில்லை. ஆனால் என் கைகள் மானிப்பாய் அண்ணாவின் கட்சியிலேயே இருக்கின்றன. சனிக்கிழமை கொழும்புக்குப் போகிறேன். சட்டம் மாறாது என்பதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டு, மிச்சத்தைப் புதிய குதிரைக்கும் நட்டுக்கும் செலவிடலாம் என்று நினைக்கிறேன். அங்கே வேறெதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி: வாத்தியம் திருத்துபவர், கொழும்பு

நல்ல முடிவு. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் வெடிப்போ புதிய பசையோ தெரிந்தால் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள். விரற்பலகை நேராக இருக்கிறதா என்று ஒரு நீண்ட அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் சிறு பள்ளம் இருக்கலாம், மேடு இருக்கக்கூடாது. வாங்கிய பின் தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் இறுக்கம் போய் உள்ளிருக்கும் தடி விழுந்துவிடும். விற்பவர் உதவி செய்வதாக நினைத்து நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிடப் போகிறார். அதற்கு முன்னரே தடுத்துவிடுங்கள்.