கேமராவா, பாட்டில் கணக்கா: ஐ.சி.யூ.வில் கை சுத்தம் பற்றி ஒரு வாக்குவாதம்

மலைக்கோட்டை:
பக்கவாதம் என்று அப்பாவைச் சேர்த்தோம். ஏழாம் நாள் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி தேடும் கல்ச்சர் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்தது. ரிப்போர்ட்டில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட வரிசையாக எல்லா மருந்துக்கும் எதிரே ‘ஆர்’, அதாவது கிருமி அடங்காது, என்று அச்சாகியிருந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டின்தான் மிச்சம் என்றார்கள். அப்பா பிழைத்துவிட்டார், சிறுநீரகம் பிழைக்கவில்லை. இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ்.

மருத்துவமனை பெயரைச் சொல்லப் போவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரிய டாக்டர் மூன்றாம் படுக்கைக்காரரின் கட்டைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பேனாவை எடுத்து எழுதினார். அதே கையோடு அப்பாவிடம் வந்து கழுத்தில் செருகியிருந்த குழாயைத் தொட்டார். கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட் ரப் பாட்டில் அவர் இடுப்புக்கு அருகில் நிறைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் டாக்டர்களைக் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த பிரசவித்த தாய்மார் இறப்பு ஜூனில் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. அன்றே தெரிந்த விஷயத்துக்கு இன்னும் கெஞ்ச வேண்டுமா? கேமரா வையுங்கள். கழுவாதவர் சம்பளத்தில் பிடியுங்கள்.

இரவுப்பணி:
யார் சம்பளத்தில் ஐயா? பெரிய டாக்டர் சம்பளத்திலா? கேமரா வந்தால் மாட்டப்போவது செவிலியர்களான நாங்கள்தான். இத்தனைக்கும் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990-களில் எண்ணிப் பார்த்தபோது செவிலியர்கள் நூற்றுக்கு 52 முறை கை சுத்தம் செய்தார்கள், டாக்டர்கள் 30 முறை.

பதினான்கு வருடமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். நேற்று இரவு எட்டுப் படுக்கைக்கு இரண்டு பேர். ஒருவருக்குச் சளி உறிஞ்சும்போது அடுத்தவரின் வென்டிலேட்டர் அலறும். சோப்புப் போட்டு முறைப்படி கழுவ 40 முதல் 60 விநாடி; தொட்டிக்குப் போய்வரும் நடை தனி. தீவிர சிகிச்சையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 தடவை கை சுத்தம் தேவைப்படும் என்பதும் ஜெனீவாக்காரர்கள் எண்ணியதுதான். வேலை கூடக் கூடக் கழுவுவது குறைகிறது என்பதையும் அவர்களே கண்டார்கள். கூட்டல் உங்களுக்கே தெரியும்.

நுண்ணோக்கி:
உங்கள் அப்பாவின் நிலை வருத்தம் தருகிறது. ஆனால் அந்தக் கிருமி டாக்டரின் கையில்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? நான் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளுகிறவன். மருந்துக்கு அடங்காத கிருமியைக் குடலில் சுமந்துகொண்டுதான் நம் ஊரில் பலர் மருத்துவமனைக்குள்ளேயே நுழைகிறார்கள். சளிக்கு ஒரு ஆன்டிபயாடிக், வயிற்றுப்போக்குக்கு ஒன்று என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கியதன் பலன். குடலில் சாதுவாகக் கிடப்பது, குழாய் வழியாக ரத்தத்தில் ஏறினால் ஆளை அடித்துவிடும்.

டெல்லியில் சிகிச்சை பெற்ற ஸ்வீடன்காரர் ஒருவரிடம் 2008-ல் என்.டி.எம்.-1 தென்பட்டது; கிருமிக்குள் இருந்து மருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதி அது, ‘என்.டி.’ என்றால் நியூ டெல்லி. 2010-ல் சென்னை ஆய்வாளர் ஒருவரின் பெயர் முதலில் இடம்பெற்ற கட்டுரை, அது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் எங்கும் பரவியிருப்பதைக் காட்டியது. இங்கே பலருக்கு அந்த நொதியைவிட அதன் பெயரில் டெல்லி இருந்ததுதான் உறுத்தியது. கை கிருமியைச் சுமக்கும், உண்டாக்காது. மருந்துச் சீட்டை விட்டுவிட்டுக் கையையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

மலைக்கோட்டை:
உண்டாக்காது, சரி. ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது? அதே வாரம் மூன்றாம் படுக்கைக்காரருக்கும் அதே கிருமி என்று அங்கிருந்த ஒருவரே வாய்தவறிச் சொன்னார். ஜெனீவாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் மீதியையும் சொல்கிறேன். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997-ல் 66 ஆனது. மருத்துவமனையில் தொற்றிய நோயோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 17-லிருந்து 10-க்கு வந்தார்கள்.

பொதுஜனம்2:
கையுறை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. இதற்கு இவ்வளவு சண்டையா?

இரவுப்பணி:
கையுறையோடு சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு, அதோடு மானிட்டர் பொத்தானை அழுத்தி, அதோடு திரைச்சீலையை விலக்கி, அதோடு அடுத்தவரின் ஊசிக்குழாயைத் தொடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கையுறை அவர் கையைக் காப்பாற்றும், நோயாளியை அல்ல. கழற்றிய பிறகும் கையைத் தேய்க்க வேண்டும்.

ஜெனீவாவில் யார் சம்பளத்திலும் பிடிக்கவில்லை, மலைக்கோட்டை ஐயா. பாட்டிலைப் படுக்கை அருகிலேயே மாட்டினார்கள், எண்ணிப் பார்த்து அந்த எண்ணிக்கையை வார்டுக்கே திரும்பச் சொன்னார்கள், மேலதிகாரிகள் கூடவே நின்றார்கள். ஹேண்ட் ரப் செலவு ஆயிரம் நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒன்று) 3.5 லிட்டரிலிருந்து 15.4 லிட்டராக ஏறியது.

நுண்ணோக்கி:
அது முன்பும் பின்பும் ஒப்பிட்ட கணக்கு. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு மருத்துவமனை இல்லை. இங்கிலாந்தைப் பாருங்கள். 2004-ல் தேசிய அளவில் கை சுத்த இயக்கம் தொடங்கினார்கள். நான்கே ஆண்டில் சோப்பும் ஹேண்ட் ரப்பும் வாங்குவது ஏறத்தாழ மூன்று மடங்கானது. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் ரத்தத் தொற்று பாதியானது. ஆனால் அதே குடும்பத்து ஸ்டெஃபைலோகாக்கஸ், மருந்துக்கு அடங்குகிற வகை, குறையவில்லை. இரண்டும் கையில் போகிறவைதானே? அப்படியானால் குறைத்தது கை மட்டும் இல்லை. இன்னொன்று: கடும் வயிற்றுப்போக்கு தரும் டிஃபிசைல் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை, அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். பாட்டிலை மாட்டிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று இருக்காதீர்கள்.

இரவுப்பணி:
நியாயமான கேள்வி. ஆனால் அங்கே குறைந்தது எம்.ஆர்.எஸ்.ஏ.தானே! ஆளுக்கு ஆள் தாவுவது நின்றால் முதலில் குறைய வேண்டியது வார்டுக்குள் சுற்றுகிற கிருமி. நோயாளி வீட்டிலிருந்து தன் தோலிலேயே கொண்டுவந்ததை என் கை என்ன செய்யும்? அது குழாய் போடும்போது தோலைச் சுத்தம் செய்கிறவர் பாடு, தேவையில்லாத குழாயைச் சீக்கிரம் எடுக்கிறவர் பாடு.

இந்தப் பேச்சால் இன்று காலை பணி முடிந்ததும் ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் எங்கள் வார்டு இண்டென்ட் நோட்டைப் புரட்டினேன். எட்டுப் படுக்கை, மாதம் 240 நோயாளி-நாள். ஸ்டோரிலிருந்து வந்தது 500 மி.லி. பாட்டில் நான்கு. ஒரு தடவைக்கு 3 மி.லி. என்றால் மாதத்துக்குச் சுமார் 666 தடவை, நாளைக்கு 22. டாக்டர், செவிலியர், பிசியோ, துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் சேர்த்து! ஒரு மணி நேரத்தில் தீர வேண்டியதை ஒரு நாள் முழுக்க வைத்து ஓட்டுகிறோம். சுவரில் ஒட்டியிருக்கும் தணிக்கைத் தாளில் மட்டும் 92 சதவீதம் என்றிருக்கிறது. தணிக்கைக்காரர் பலகையோடு நிற்கும்போது எல்லோரும் தேய்க்கிறோம், அவ்வளவுதான்.

மலைக்கோட்டை:
22 என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கேமராவை விட்டுவிடுகிறேன் சகோதரி. அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி, அப்பா இருந்த மாதத்தில் அந்த ஐ.சி.யூ.வுக்கு எத்தனை லிட்டர் போனது என்று கேட்கப் போகிறேன். பெரிய டாக்டர் விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன். அவருக்குப் பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

நுண்ணோக்கி:
எழுதுங்கள். அப்படியே அந்த மாதம் மெரோபெனம் எத்தனை குப்பி போனது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.