மறு: ‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’ (ஓர் இசை எழுதப்பட்ட காலத்துக் கருவி, அல்லது அதே அமைப்பில் இன்று செய்தது) – தமிழில் என்ன சொல்வது?

> ‘தொல்கருவி’ என்று வைத்துவிடலாமே?

ஐயா, எனக்கு இதில் இரண்டு சங்கடங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘தோற்கருவி’ என்றே காதில் விழும். பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் மொத்சார்ட்டின் பியானோவை மத்தளத்தோடு உட்கார வைத்துவிடுவோம். (அதன் சுத்திகளுக்குத் தோல் போர்த்தியிருந்தது உண்மைதான், அதற்காக?)

அடுத்ததுதான் பெரிய சங்கடம். ‘தொல்’ என்றால் கருவிக்கு வயதாகியிருக்க வேண்டும். பியானோ கலைஞர் மால்கம் பில்சன் 1980களில் ஜான் எலியட் கார்டினரின் இசைக்குழுவோடு பதிவுசெய்த மொத்சார்ட் கான்செர்ட்டோக்களை (ஒரு தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாசித்தது, வியன்னாவில் அன்டன் வால்டர் செய்த பியானோவைப் பார்த்து நம் காலத்தில் செய்த படி, அதாவது நகல். மூலம் சால்ஸ்பர்கில் இருக்கிறது. இன்னொரு பியானோ கலைஞர் ரொனால்ட் பிராட்டிகம் வாசிப்பவையும் பால் மெக்நல்டி செய்த படிகளே. மரமும் தந்தியும் புதுசு, அமைப்பு மட்டும்தான் பழையது.

அந்த அமைப்பு லேசுப்பட்டதல்ல. ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி), 61 கட்டைகள், இன்று 88. இரும்புச் சட்டம் கிடையாது என்பதால் தந்தியை இன்றைய அளவுக்கு முறுக்க முடியாது. ஒலி பளிச்சென்று எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். அதனால்தான் மொத்சார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோவை (பட்டியல் எண் கே. 466) இந்தப் பதிவுகளில் கேட்கும்போது இடது கையின் அடிச்சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஓபோ, பஸூன் என்ற ஊதுகருவிகளும் பியானோவுக்குப் பின்னால் ஒளியாமல் அதனோடு சரிசமமாகப் பேசுகின்றன. இன்றைய கச்சேரி பியானோ கிட்டத்தட்ட அரை டன். மொத்சார்ட்டுடையதைச் சிலபேர் தூக்கிக்கொண்டு போகலாம். 1785 மார்ச்சில் அப்பா லியோபோல்ட் மகளுக்கு எழுதிய கடிதத்தில், தான் வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பியானோ பன்னிரண்டு தடவையாவது வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கும் என்கிறார். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது!

‘மனமொத்த’ என்கிறோமே, அதே மாதிரி ‘காலமொத்த கருவி’. இது என் பரிந்துரை.

---

> காலமொத்த கருவி

நண்பரே, விளக்கம் ஜோர், சொல் வேண்டாம். நம் ஊரில் பாட்டு கேட்கிறவருக்குக் காலம் என்றால் விளம்ப காலம், மத்திம காலம், இரண்டாம் காலம். ‘காலமொத்த கருவிகளில் பதிவுசெய்தது’ என்று உறையில் போட்டால், மற்ற பதிவுகளில் தாளம் நழுவிவிட்டதா என்று கேட்பார். ‘அக்காலக் கருவி’ என்றால் போதாதா?

---

> ‘அக்காலக் கருவி’ என்றால் போதாதா?

போதும், ஒப்புக்கொள்கிறேன். பிரித்துப் பார்த்தபோது இன்னொரு வசதியும் தெரிந்தது. அந்த அகரச்சுட்டு இசை எழுதப்பட்ட காலத்தைச் சுட்டுகிறது. மொத்சார்ட்டுக்கு வால்டர், பிந்தைய இசையமைப்பாளர் ஷோபனுக்கு பாரிஸில் செய்த பிளெயெல் பியானோ. இரண்டுக்கும் நடுவே பியானோ எவ்வளவோ மாறிவிட்டது, ஆனாலும் இரண்டும் அக்காலக் கருவிகள்தான். ‘தொல்’ என்றிருந்தால் எல்லாம் ஒரே குவியலாகியிருக்கும்.

புதிதாகச் செய்ததா பழையதேவா என்று காட்ட, சுவடிக்காரர்களிடமிருந்து மூலம், படி இரண்டையும் கடன் வாங்கலாம்: ‘அக்காலக் கருவி, வால்டர் படி’. கான்செர்ட்டோவை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம்.

அப்புறம் ஒன்று. வால்டர் பியானோவில் மிதிகட்டைக்குப் பதில், கட்டைகளுக்கு அடியில் முழங்காலால் மேலே தள்ளும் நெம்புகோல் உண்டு. ‘முழங்கால் தண்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வெட்டுகிறவர்கள் வெட்டலாம்.