எச்டிஎல் துகள்: ‘கொழுப்பளவு’ வேண்டாம், ‘கொழுமிய இயைபு’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எச்டிஎல் (HDL) என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் அடர்த்தி மிக்க துகள். ‘எச்டிஎல் கொழுப்பளவு’ என்றே நம் கலைச்சொல் பட்டியலிலும் இருக்கட்டும் என்று ஐயா எழுதியிருந்தார். மறுக்கிறேன். ஆய்வக அறிக்கையில் வரும் எண், ஒரு டெசிலிட்டர் சீரத்தில் எச்டிஎல் துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ரால் எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டுமே சொல்கிறது. நாம் பெயரிட வேண்டியது வேறு: ஒரே துகளுக்குள் எந்தக் கொழுமியம் (லிப்பிடு) என்ன பங்கில், எங்கே இருக்கிறது என்பது.

எச்டிஎல் துகளின் எடையில் ஏறத்தாழ பாதி புரதம், அதில் பெரும்பகுதி அபோ-ஏ1 என்ற புரதம். கொழுமியங்களில் பாஸ்பாட்டிடைல்கோலின், ஸ்பிங்கோமைலின், எஸ்டராகாத (கொழுப்பமிலம் சேராத) கொலஸ்ட்ரால் ஆகியவை மேற்பரப்பில். கொலஸ்ட்ரால் எஸ்டரும் டிரைகிளிசரைடும் உள்ளகத்தில். ஸ்பிங்கோமைலின் பங்கு கூடினால் மேற்பரப்பு இறுகும். கொலஸ்ட்ராலை எஸ்டராக்கும் எல்கேட் (LCAT) நொதியின் வேகம் குறையும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகும்போது, துகள்களிடையே கொழுமியங்களை மாற்றும் செடிபி (CETP) புரதம் அதை எச்டிஎல்லுக்குள் ஏற்றி, ஈடாகக் கொலஸ்ட்ரால் எஸ்டரை எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் லைப்பேஸ் நொதி அந்த டிரைகிளிசரைடைச் சிதைத்ததும் துகள் சிறுத்து, அபோ-ஏ1 கழன்று, சிறுநீரகம் வழியே சிதைகிறது. இத்தனை மாற்றத்தையும் ‘அளவு’ என்ற சொல் மறைத்துவிடும்.

அளவை மட்டும் நம்பியதன் விளைவு தெரிந்ததுதான். செடிபியைத் தடுக்கும் டார்செட்ராபிப் மருந்து எச்டிஎல் கொலஸ்ட்ராலை 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் ஏற்றியதும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் எச்டிஎல் மேல் போடக் கூடாது. ஆயினும் எண்ணை உயர்த்தினாலே தமனி காக்கப்படும் என்ற எண்ணம் அதன்பின் நிற்கவில்லை.

வேதியியல் பாடநூல்களில் ‘வேதி இயைபு’ ஏற்கெனவே புழங்குகிறது. எனவே ‘கொழுமிய இயைபு’ என் பரிந்துரை.

*

மேற்கண்ட மடலுக்கு இன்னொருவரின் மறுமொழி:

‘இயைபு’ எனக்கும் சம்மதம், ஐயா. தொடை இலக்கணத்திலும் அச்சொல் உண்டு என்பது தடையாகாது. இடம் பார்த்துப் பொருள் கொள்ள நம் வாசகருக்குத் தெரியும். ஆனால் விளக்கத்தில் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, நிறை விழுக்காடா மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) விழுக்காடா என்று சொல்லாமல் இயைபு எழுதக் கூடாது. கொலஸ்ட்ராலின் மூலக்கூறு நிறை 387. பாஸ்பாட்டிடைல்கோலினுக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு. நிறையில் பாஸ்பாட்டிடைல்கோலினின் பாதியாகத் தெரியும் கொலஸ்ட்ரால் மோலில் அதற்குச் சமமாகிவிடும். இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுபவர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்று, பிரித்தெடுத்த முறை. 1.063 முதல் 1.21 கிராம்/மி.லி. வரையிலான அடர்த்தியில் மையவிலக்கிப் பிரித்தால் எச்டிஎல் அல்லாத வேறொரு துகளான லைப்போபுரதம்(ஏ)-யின் ஒரு பகுதியும் கூடவே வந்துவிடும். நெடுநேரம் சுழற்றினால் அபோ-ஏ1 உதிரும். சீரத்தை அறை வெப்பத்தில் விட்டால் எல்கேட் வேலையைத் தொடரும்: எஸ்டராகாத கொலஸ்ட்ரால் குறையும், எஸ்டர் ஏறும், பாஸ்பாட்டிடைல்கோலின் ஒரு கொழுப்பமிலத்தை இழந்து லைசோ வடிவமாகும். அப்போது அளப்பது நோயாளியின் இயைபை அல்ல, மேசையில் கிடந்த குழாயின் இயைபை. உடனே குளிரூட்டிப் பிரித்து −80 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும்.

பதிவை இப்படி எழுதலாம்: ‘கொழுமிய இயைபு: ஒரு துகளிலுள்ள கொழுமிய வகைகளின் ஒப்புப் பங்கு, அலகும் பிரிப்பு முறையும் உடன் குறிக்கப்பட வேண்டும்.’ மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.