நீலம் பச்சையாகிப் போன டிரம் செட்

பச்சை என்று சொல்லித்தான் விற்றார்கள். டொராண்டோவில் ஒரு வீட்டு நிலவறையில் கிடந்த லுட்விக் செட், அமெரிக்கக் கம்பெனிச் சரக்கு. 22 அங்குல பேஸ் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அதன் மேல் உட்காரும் 13 அங்குல டாமும் மட்டும். மூன்று காலில் தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம் எங்கே போனது என்று விற்றவருக்கே தெரியவில்லை. உள்ளே பார்த்தால் மரத்தில் சிவப்பு மையில் 1965 தேதி முத்திரை. அதற்குப் பிறகு எனக்குப் பேரம் பேச மனம் வரவில்லை.

துடைக்கலாம் என்று முதல் லக்கைக் கழற்றினேன் (தோலை இறுக்கும் திருகு போய்ப் பிடிக்கும் உலோகக் கட்டைதான் லக்). காலண்டரைக் கழற்றிய சுவர் மாதிரி, அதன் அடியில் லக்கின் வடிவத்திலேயே பளிச்சென்று ஒரு நீலம். வாங்கியது பச்சை செட்டே இல்லை. லுட்விக்கின் ப்ளூ ஸ்பார்க்கிள், அதாவது நீல மினுக்கு.

அந்தக் காலத்து ஸ்பார்க்கிள் பெயிண்ட் அல்ல, மரத்தைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட். மினுக்கு கீழே இருக்கும், அதற்கு மேல் தெளிவான ஓர் ஏடு. வருடக்கணக்கில் வெளிச்சம் பட்டுப்பட்டு அந்த மேல் ஏடு மஞ்சளாகிவிடுகிறது. நீலத்தை மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் இங்கேயும் தெரிகிறது. சில்வர் ஸ்பார்க்கிளும் இப்படித்தான் கிழடு தட்டித் தங்க நிறத்துக்குப் போகும்.

சரி, ஃப்ளோர் டாமுக்கு வெறும் மர உருளை வாங்கிப் புது நீல ஷீட் ஒட்டிவிடலாம் என்று ஒரு துண்டு வரவழைத்தேன். லக்கின் அடியில் இருந்த நீலத்தோடு அது அழகாகச் சேர்ந்தது. டிரம்மோடு சேரவே இல்லை. தாத்தா பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட பேரன் நின்ற மாதிரி இருந்தது.

அப்புறம் மறுபக்கமாக யோசித்தேன். புதியதைப் பழையதாக்க முடியாது, பழையதை நீலமாக்கினால்? யாருக்கும் தெரியாத இடம் என்று பேஸ் டிரம்மின் அடிப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, 1500 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 2000, பிறகு பிளாஸ்டிக் பாலிஷ். அருமையான நீலம்! குதித்தேன். முன்பக்கம் ஓர் உள்ளங்கை அளவு அதே மாதிரி தேய்த்தபோதுதான் அசட்டுத்தனம் விளங்கியது. அடிப்பக்கம் வெளிச்சமே படாத இடம், அங்கே மஞ்சள் ஏறியதே கொஞ்சம்தான். முன்பக்கத்தில் எவ்வளவு தேய்த்தும் பாசிப்பச்சை மயில்பச்சையானதோடு நின்றது. இன்னும் தேய்த்தால் மேல் ஏடு தீர்ந்து மினுக்கே வந்துவிடும் என்ற பயத்தில் தாளைக் கீழே வைத்தேன். அந்த உள்ளங்கைத் தடம் இன்னும் இருக்கிறது.

ஃப்ளோர் டாம் என்ன ஆனது என்பதைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

நீங்கள் தேய்த்தீர்கள், நான் உருக்கினேன்.

சித்தப்பா சென்னையில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா என்று ஊர் ஊராக வேன் மேல் கட்டிப் போன பிரீமியர் செட் அது, இங்கிலாந்துச் சரக்கு. வெள்ளை முத்து நிறமாக இருந்ததாம். என் கைக்கு வந்தபோது பால் அதிகம் விட்ட டீயின் நிறம். அழுக்குதானே என்று பழைய பனியனில் தின்னர் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். பனியன் ஒட்டிக்கொண்டது. முத்து ஷீட் செல்லுலாய்டு வகை. தின்னர், அசிட்டோன் எது பட்டாலும் கரையும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ரிம்முக்கு (தோலை அமுக்கிப் பிடிக்கும் வளையம்) கீழே நாலு விரல் அகலத்துக்குக் குழைந்து போனது. செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பிடிக்கும். ஷீட்டைச் சூடாக்கி உரிக்க ஹீட் கன்னை எடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

புதுப்பேட்டையில் ஸ்கூட்டர் டாங்குக்கு டூகோ பெயிண்ட் அடிக்கும் ஒரு பெரியவரிடம் டாமைத் தூக்கிக்கொண்டு போனேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு அதை வெளியே வெயிலில் வைக்கச் சொன்னார். "லைட்ல ஒத்துப்போறது வெயில்ல ஒத்துப்போவாது தம்பி. ரெண்டுலயும் பாத்துதான் அடிக்கணும்." க்ரீமை அப்படியே வாங்கி அடிக்காமல், வெள்ளையில் மஞ்சள் காவியும் ஒரு சொட்டுக் கறுப்பும் விட்டுக் கலக்கினார். தகரத் துண்டில் அடித்து, காயவிட்டுத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்தால் நிறம் மாறுமாம். மூன்று தகரத் துண்டுகள் ஆயின. நாலாவது சரியாக வந்தது.

ஆனால் நிறம்தான் வந்தது, முத்தின் அலை வரவில்லை. அதை எந்த ஸ்ப்ரே கன்னாலும் கொண்டுவர முடியாது என்று அவரே கையை விரித்தார். உருகிய இடம் இப்போது வழுவழுவென்று க்ரீம் பட்டையாக இருக்கிறது. ஓரத்தில் தூக்கியிருந்த ஷீட்டை மட்டும் நானே ஒட்டினேன். இரண்டு பக்கமும் காண்டாக்ட் பசை தடவி, கைக்கு ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, அமுக்கி, மேலே சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தேன். அது இன்றுவரை அசையவில்லை.

*

முத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963இல் லண்டனில் வாங்கிய முதல் லுட்விக் செட்டின் ஆயிஸ்டர் பிளாக் பேர்ல் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் சாம்பலுமாக ஓடும் அந்தச் சுழி ஒரு ஷீட்டில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. 2015 டிசம்பரில் அந்த செட் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பேர் அவருடையது என்பதால்தான் அந்த விலை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சாதாரண செட்டிலும் பழைய ஷீட்டை உரித்தால் வாங்குபவர் விலையைக் குறைக்கத்தான் செய்கிறார். கழற்றாதீர்கள், துடையுங்கள், வாசியுங்கள். என் கட்சி அதுதான்.

*

உரித்தவன் பேசுகிறேன். என்னுடையது கிழிந்து பாதி காணாமல் போன ஷீட், வைத்திருக்க ஒன்றுமில்லை. புது ஷீட் பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். ஒட்டும்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. முனையும் முனையும் மேலேறும் இணைப்பில் அது இரட்டிப்பாக, கடைசியில் தோலின் வளையம் உள்ளே இறங்க மறுத்தது. தட்டி இறக்கினால் சுதி நிற்காது, ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொய்யும். மேல் விளிம்பு ஓரமாக ஷீட்டை ஒரு விரலகலம் வெட்டி எடுத்த பிறகுதான் உட்கார்ந்தது. வெட்டிய இடத்தை ரிம் மறைத்துக்கொண்டது.

நிறம் பார்க்கப் போகும்போது தடிமனையும் பாருங்கள் ஐயா.

*

ஃப்ளோர் டாம் கதை. எட்டு மாதம் தேடி, அதே காலத்து லுட்விக் ப்ளூ ஸ்பார்க்கிள் ஒன்று ஒற்றையாகக் கிடைத்தது. அதுவும் பச்சையாகியிருந்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். ஜன்னலோரம் இருந்திருக்க வேண்டும். ஒரு பாதி பாசி, ஒரு பாதி கிட்டத்தட்ட கடல்.

கால் மூன்றும் ஒரே மாதிரிதானே, எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கும். பாசிப் பக்கத்தை முன்னால் திருப்பியதும் பேஸ் டிரம்மோடு அப்படியே சேர்ந்துவிட்டது. நீலப் பாதி வாசிக்கும் என் பக்கம் இருக்கிறது. போன மாதம் கச்சேரி முடிந்து வந்த ஒருவர், "அண்ணை, பச்சை செட் வடிவாயிருக்கு" என்றார். நான் திருத்தவில்லை.