சாம்பார் கவரும் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையும்

குழு: ஆச்சி வீடு

சனிக்கிழமை

செல்வி: அக்கா, நிலாவுக்குப் பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை விடச் சொல்லி, படிப்பவர் ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டுமாம். எழுதிவிட்டாள். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி: [படம்]

முத்துலட்சுமி: பார்த்தேன். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நிலா பக்கத்தில் இருக்கிறாளா?

நிலா: இருக்கேன் பெரியம்மா

முத்துலட்சுமி: இதைப் படித்து யார் மனசு மாற வேண்டும்?

நிலா: எல்லாரும்தான். மக்கள்

முத்துலட்சுமி: ஒரே ஓர் ஆளைச் சொல்லு கண்ணு. நீ நேரில் நின்று பேசக்கூடிய ஆள்.

நிலா: பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பார்சல் கடை அண்ணாச்சி. கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்

முத்துலட்சுமி: நல்ல ஆளைப் பிடித்தாய். ‘பிளாஸ்டிக் பூமியின் எதிரி’ என்று ஆரம்பித்திருக்கிறாயே, அதை அவரிடம் வாசித்தால் என்ன சொல்வார்?

நிலா: சரிம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த பார்சலைக் கட்டுவார்

குமார்: பெரியக்கா, ஒன்று சொல்லட்டுமா? முடிவுரையில் ‘அரசு உடனே தடை செய்ய வேண்டும்’ என்று எழுதியிருக்கிறாள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 14 வகைப் பொருள்கள். சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், தட்டு, டீ கப், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் வந்துவிட்டது.

நிலா: மாமா அப்போ நான் என்னதான் கேட்பது?

குமார்: அதைத்தான் நீ கண்டுபிடிக்கணும். சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் சாம்பார் ஏன் கவரில் வருகிறது? அந்த ‘ஏன்’ கிடைத்தால் கட்டுரை கிடைத்த மாதிரி. கோர்ட்டிலும் இப்படித்தான். நீதிபதி ஏற்கெனவே ஒத்துக்கொண்டதை மறுபடி மறுபடி வாதாடினால் அவர் கேட்க மாட்டார். எங்கே அவருக்குச் சந்தேகமோ அங்கேதான் பேச வேண்டும்.

பிரியா: மதினி, என் எட்டாம் வகுப்பிலும் இதே பாடுதான். ‘மரம் வளர்ப்போம்’ என்று கொடுத்தால் எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியவில்லை. குறிப்புச்சட்டகம் கொடுத்து நிரப்பத்தானே பழக்கியிருக்கிறோம். நீங்கள் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

முத்துலட்சுமி: பிரியா, முதலில் தலைப்பை மாற்று. மரம் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? மறுக்க ஆளே இல்லாத தலைப்பில் பிள்ளை யாரை ஒத்துக்கொள்ள வைக்கும்? நியாயமான ஒரு மனிதர் ‘இல்லை, எனக்குச் சரிப்படாது’ என்று சொல்லக்கூடிய விஷயமாக இருக்க வேண்டும். ‘மதிய உணவு இடைவேளையைப் பத்து நிமிஷம் கூட்ட வேண்டும்’ என்று கொடுத்துப் பார். தலைமையாசிரியருக்கு மறுப்பு இருக்கும், வீட்டுக்கு நேரத்தோடு போக வேண்டிய பிள்ளைக்கும் இருக்கும்.

முத்துலட்சுமி: அப்புறம், எழுத விடாதே. பேச விடு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் தண்ணீர் பட்ட பாடு. நல்ல பேச்சாளர் எழுந்ததும் என்ன செய்கிறார்? ‘எதிரணியில் இப்படிச் சொன்னார்கள்’ என்று எடுத்துச் சொல்லிவிட்டுத்தானே பதிலுக்கு வருகிறார்? கட்டுரையில் நாம் விட்டுவிடும் இடம் அதுதான். வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேசவிட்டு, பாதியில் அணியை மாற்று. அதுவரை ‘கூட்ட வேண்டும்’ என்றவன் இப்போது ‘கூடாது’ என்று பேசட்டும். எதிராளி பக்கம் நின்று பேசிய பிள்ளை, அவர் சொல்வதைக் கேலியாக எழுதாது.

பிரியா: மறுப்பை நாமே எழுதிக் கொடுத்தால் நம் கட்சி பலவீனமாகிவிடும் என்று நினைக்கிறார்கள் மதினி

முத்துலட்சுமி: எழுதாவிட்டால் மட்டும் படிப்பவர் மனதில் அது எழாமல் போய்விடுமா? அவர் நினைப்பதை நீ முதலில் சொல்லிவிட்டால், ‘நம் கஷ்டம் இந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது’ என்று அவர் மேலே படிப்பார். மறுப்பை அவரே ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று தலையாட்டும்படி எழுதச் சொல். அது எழுத வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முத்துலட்சுமி: நம்மிடம் இதற்கு ஒரு பழைய பாட்டே இருக்கிறது. புறநானூறு 184. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் வரியைக் குறை என்று சொல்லப் போகிறார் பிசிராந்தையார். என்ன சொன்னார் தெரியுமா நிலா?

நிலா: யானை நெல் வயலுக்குள் போகிற பாட்டுதானே?

முத்துலட்சுமி: அதேதான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் (மா என்பது பழைய நில அளவு) குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் தாங்கும். யானையே தனியாகப் புகுந்து மேய்ந்தால், வயல் நூறு இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அப்புறம்தான் அரசனிடம் வருகிறார். முறையறிந்து வாங்கினால் நாடும் செழிக்கும், கோடியும் சேரும். முறை தெரியாமல் பிடுங்கினால், யானை புகுந்த வயல் மாதிரி, அவனும் உண்ண மாட்டான், உலகமும் கெடும்.

முத்துலட்சுமி: கவனித்தாயா? மக்கள் பாவம் என்று அழவில்லை. நீ கொடியவன் என்று திட்டவும் இல்லை. கேட்பவன் அரசன், அவனுக்குக் கருவூலம் முக்கியம். அங்கிருந்தே பேசுகிறார். வெறும் ‘நிறைய’, ‘கொஞ்சம்’ இல்லை. ஒரு மா, நூறு வயல் என்று அளவு காட்டுகிறார். இந்தப் பாட்டை மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்திவிட்டுப் போவதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். வாதாடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

குமார்: பெரியக்கா, இதை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. அருமை.

செல்வி: நிலா நோட்டை மூடிவிட்டு, சாயங்காலம் அந்தக் கடைக்குப் போகணும் என்கிறாள்.

முத்துலட்சுமி: கூட்டிக்கொண்டு போ. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். நீ பேசாதே, அவளே கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நிலா: பெரியம்மா, அண்ணாச்சியிடம் கேட்டேன். ‘பாத்திரம் கொண்டு வந்தால் நான் ஏன் கவர் போடப் போகிறேன்? கவர் காசு எனக்கு மிச்சம்தானே. எல்லாரும் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். கவர் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்’ என்றார்

குமார்: அப்படியானால் நீ பேச வேண்டிய ஆள் அவர் இல்லை.

நிலா: ஆமா மாமா. வாங்க வருகிறவர்கள்தான். அதனால் எங்கள் தெருக்காரர்களுக்கு எழுதுகிற மாதிரி மாற்றிவிட்டேன்

முத்துலட்சுமி: இதைத்தான் எதிர்பார்த்தேன் தங்கம். எழுதியவரைக்கும் போடு.

நிலா: ‘பார்சல் வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டு போங்கள் என்று கேட்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் வாங்குகிறோம், காலையிலேயே தூக்குவாளியைச் சுமந்துகொண்டு போக முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அது உண்மைதான். பேருந்தில் நிற்கவே இடம் இருக்காது. ஆனால் உங்கள் பையில் மதியம் சாப்பிட்ட டிபன் பாக்ஸ் காலியாக இருக்கிறது. சாம்பாருக்கு அது போதும். கடையில் பாத்திரம் கொண்டு வருபவர்களை வேண்டாம் என்று சொல்வதில்லை, நான் கேட்டுவிட்டேன்.’

பிரியா: நிலா!! ‘நான் கேட்டுவிட்டேன்’ என்ற இடத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

செல்வி: இவள் அப்பா இதைப் படித்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைப் பார்க்கிறார்.

குமார்: நான் எதிர்க்கட்சி வக்கீல். டிபன் பாக்ஸ் கழுவாமல் இருக்குமே? தயிர் சாதம் சாப்பிட்ட பாக்ஸில் சாம்பாரா?

நிலா: கடையில் கை கழுவக் குழாய் இருக்கு மாமா. அலசிவிட்டு நீட்டலாம்

குமார்: சரி. இட்லி, சாம்பார், இரண்டு சட்னி வாங்கினால்?

நிலா: இட்லிக்கு வாழை இலை இருக்கு. சட்னிக்கு இன்னும் பதில் தெரியவில்லை

முத்துலட்சுமி: தெரியவில்லை என்றால் சட்னியை விட்டுவிடு. சாம்பாரை மட்டும் கேள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் ஒன்றையும் விட மாட்டார்கள். சின்னதாக, நாளைக்கே செய்யக்கூடியதாகக் கேட்டால் ‘சரி’ என்று சொல்ல எளிது. முடிவுரையில் ‘விழிப்புணர்வு பெறுவோம்’ என்று போடாதே. யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்று எழுது.

பிரியா: மதினி, திருத்தும்போது எதைப் பார்ப்பது? ஒற்றுப்பிழை பார்க்க ஆரம்பித்தால் முழுக்கச் சிவப்பு மைதான்.

முத்துலட்சுமி: முதல் வரைவில் பிழையைத் தொடாதே. இரண்டு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுது. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ ‘அவர் இதற்கு என்ன சொல்வார்?’ ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவன் வாசிக்க, மற்றவன் நம்ப முடியாத இடத்தில் கை தூக்கட்டும். அந்த இடத்தை மட்டும் திருத்தி எழுதச் சொல். சந்திப்பிழையை அடுத்த வரைவில் பார்த்துக்கொள்ளலாம், அதையும் விட்டுவிடாதே.

பிரியா: நாளைக்கு மூன்றாவது பீரியட் எனக்குத் தமிழ்தான். மதிய இடைவேளைத் தலைப்பையே கொடுக்கிறேன். நிலா, உன் பத்தியை வகுப்பில் வாசித்துக் காட்டட்டுமா?

நிலா: வாசிங்க அத்தை. யாராவது கை தூக்கினால் எந்த வரி என்று எனக்குச் சொல்லுங்க. புதன்கிழமைதான் நோட்டை வைக்கணும்

பிரியா: கண்டிப்பாக. வரியைக் குறித்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.